விலையும் மதிப்பும்

குமரி மாவட்டத்தின் மேலைக் கடலோரத்தில், குளச்சலுக்கும் மணவாளக்குறிச்சிக்கும் இடையே மண்டைக்காடு என்னும் ஊர் அமைந்துள்ளது. முன்னாளில் ஆடுமாடுகள் மந்தை மந்தையாக மேய்ந்த காடாதலின் அது மந்தைக்காடு எனப்பெற்றது என்றும், அப்பெயரே பின்னர் மண்டைக்காடு என மருவிற்று என்றும் கூறுவர். அவ்வூரில் பகவதியம்மன் கோயில் ஒன்று உண்டு. அக்கோயிலின் கருவறையில் மக்கள் வணங்குவது கறையான் எடுத்த மண்புற்று ஆகும். ஏறத்தாழ 15 அடி உயரமுள்ள அப்புற்றிற்குச் சந்தனம் சார்த்தி அம்மனாகவே போற்றுகின்றனர். மாசித் திங்களில் நிகழும் கொடை விழாவிற்குத் தமிழ்நாட்டிலிருந்தும் கேரளத்திலிருந்தும் பெண்கள் இருமுடி சுமந்து வருகின்றனர், கடலில் நீராடுகின்றனர், மண்டையப்பம் படைத்து வழிபடுகின்றனர்.

அப்புற்றிற்கு விலை யாது என்று எவரேனும் வினவினால் கேட்போர் நகைப்பர். சந்தையில் அதற்கு விலை இல்லை. ஆயினும் அதற்கு மதிப்பில்லை என்று கூற எவர்க்கும் நா எழாது. விலை வேறு, மதிப்பு வேறு என்னும் உண்மையை இச்சிற்றூர் ஒவ்வொரு நாளும் உணர்த்திக்கொண்டிருக்கின்றது.

கோயிலை விட்டுச் சிறிது தொலைவு நடந்தால் கடற்கரை தோன்றும். அங்கே வெண்மணலோடு கருமணலும் விரவிக் கிடக்கின்றது. அக்கருமணலின் பெருமையை உலகம் அறிந்த வரலாறு சுவையானது. திருவிதாங்கூரிலிருந்து செருமனி நாட்டிற்குக் கயிறு ஏற்றுமதியாயிற்று. அக்கயிற்றில் ஒட்டியிருந்த மணலை 1909இல் ஆராய்ந்த சோம்பர்க்கு என்னும் செருமானிய வேதியியலார் அதில் மோனசைட்டு என்னும் கனிமம் இருத்தலைக் கண்டார். அக்கனிமத்தில் உள்ள தோரியம், எரிவாயு விளக்கின் வலைத்திரி செய்ய அந்நாளில் பெரிதும் வேண்டப்பட்டது. ஆகவே மணவாளக்குறிச்சியில் மணலைப் பிரிக்கும் ஆலை எழுந்தது. அம்மணலில் மோனசைட்டு மட்டுமன்றி இல்மனைட்டு, ரூட்டைல், சிர்க்கான், கார்னெட்டு முதலிய கனிமங்களும் உள்ளன. வெண்ணிறச் சாயம் செய்ய இல்மனைட்டும், பீங்கான் தொழிலுக்குச் சிர்க்கானும் பயன்படுகின்றன. 1950இல் அரசு நிறுவிய இந்திய அரு மண் நிறுவனம், பிற்காலத்தில் இம்மணல் தொழிலை மேற்கொண்டது.

இம்மணலுக்கு விலை உண்டு. ஒரு டன் இன்ன விலை என்று கணக்கிட்டு விற்கலாம், வாங்கலாம். அதனால் நாட்டிற்குப் பொருள் கிடைக்கின்றது. பலர்க்கு வேலையும் கிடைக்கின்றது. ஆனால், அம்மணல் கிடக்கும் கரைக்கு விலை யாது? இவ்வினாவிற்கு விடை எளிதில் கிடைப்பதில்லை.

கரை என்பது வெறும் மணற்பரப்பு அன்று. அங்கே அடம்பங்கொடி படர்ந்து மணலைப் பற்றி நிற்கின்றது. இராவணன் மீசை என்னும் முட்புல், காற்றில் பறக்கும் மணலைத் தடுத்து மேடாக்குகின்றது. அம்மேட்டின் அடியில் மழைநீர் தங்கி, உப்புநீர் உள்நாட்டிற்குள் புகாதவாறு தடுக்கின்றது. நண்டுகள் வளை அமைக்கின்றன. ஆமைகள் கரையேறி முட்டையிடுகின்றன. மீனவர் வள்ளங்களை ஏற்றி வைப்பதும், வலை உலர்த்துவதும், கரைமடி இழுப்பதும் அக்கரையிலேதான். உயிர்களும், நீரும், நிலமும், காற்றும் ஒன்றையொன்று சார்ந்து இயங்கும் இத்தகைய அமைப்பினை உயிர்ச்சூழல் என்பர். அது செய்யும் தொண்டுகளுக்கு ஒருவரும் கூலி கொடுப்பதில்லை. ஆகவே அவற்றிற்கு விலைச்சீட்டும் இல்லை.

இதனால் விளையும் தீங்கு யாது? ஒரு தொழிலை ஓரிடத்தில் தொடங்கலாமா என்று ஆராய்பவர், வரவையும் செலவையும் துலாக்கோலின் இரு தட்டுகளில் வைத்து நிறுக்கின்றனர். ஒரு தட்டில் கனிமத்தின் விலையும், கூலியும், வரியும் எண்களாக வந்து குவிகின்றன. மற்றொரு தட்டில் கரையின் பயன்களை வைக்கவேண்டும். அவற்றிற்கு எண் இல்லாமையால் அத்தட்டு வெறிதே நிற்கின்றது. எண் எழுதாத இடத்தைச் சுழியம் என்று படிப்பது கணக்கரின் வழக்கம். மதிப்பிட இயலாத பொருள், மதிப்பற்ற பொருளாகக் கருதப்படுகின்றது.

விலையும் மதிப்பும் ஒன்றல்ல என்பதைப் பொருளியல் அறிஞர் நெடுங்காலமாக அறிவர். ஆதம் சுமித்து என்பார் 1776இல் வெளியிட்ட நூலில், உயிர் வாழ இன்றியமையாத நீருக்கு விலை மிகக் குறைவாகவும், பயன் குறைந்த வைரத்திற்கு விலை மிகுதியாகவும் இருத்தலை எடுத்துக்காட்டினார். எளிதிற் கிடைக்கும்வரை ஒரு பொருளின் அருமை விலையில் தோன்றுவதில்லை. கிணறு வற்றிய பின்னரே நீரின் மதிப்பு விளங்குகின்றது.

2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாள் இவ்வுண்மையைக் குமரிக் கரைக்குக் கொடுமையாக உணர்த்திற்று. அன்று எழுந்த ஆழிப்பேரலை, மண்டைக்காட்டிற்கு அணித்தான குளச்சல், கொட்டில்பாடு முதலிய ஊர்களிலும், பழையாறு கடலொடு கலக்கும் மணக்குடிப் பகுதியிலும் பெரும் உயிர்ச்சேதம் விளைத்தது. அதன்பின் அறிஞர் பலர் கடற்கரைகளை ஆராய்ந்தனர். கடலூர் மாவட்டக் கரையை ஆராய்ந்தோர், மரங்கள் அடர்ந்து நின்ற இடங்களின் பின்னிருந்த ஊர்கள், மரமற்ற இடங்களில் இருந்த ஊர்களைவிடக் குறைந்த சேதமுற்றதை 2005இல் வெளியிட்டனர். மரங்களும் மணல்மேடுகளும் எல்லாப் பேரலைகளையும் தடுத்துவிடும் என்று கூறுதல் மிகையாகும். ஆயினும் அவை அலையின் சீற்றத்தைத் தணிப்பதில் ஐயமில்லை.

விலையில்லாத இத்தொண்டுகளை மதிப்பிடப் பொருளியலார் மூன்று வழிகளைக் கண்டுள்ளனர்.

முதல் வழி, இழப்பை ஒப்பிட்டு நோக்குதல். 1999ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் ஒடிசாக் கரையைப் பெரும்புயல் தாக்கிற்று. அங்குப் பிதர்கனிகா என்னும் அலையாத்திக் காடு உள்ளது. ருச்சி படோலா, உசைன் என்னும் இரு அறிஞர் அக்காட்டை அடுத்த மூன்று சிற்றூர்களில் புயலால் நேர்ந்த இழப்பைக் கணக்கிட்டு 2005இல் வெளியிட்டனர். அலையாத்திக் காட்டின் பின்னிருந்த ஊரில் ஒரு குடும்பத்தின் சராசரி இழப்பு 33 டாலர். காடும் கரையணையும் இல்லாத ஊரில் அது 44 டாலர். காடின்றி, மக்கள் எடுத்த கரையணையை மட்டும் நம்பியிருந்த ஊரிலோ அது 154 டாலராக உயர்ந்தது! அணையைக் கட்டச் செலவிட்ட தொகை அரசின் ஏட்டில் இருக்கும். காடு செய்த காவலுக்கு அதுவரை எந்த ஏட்டிலும் ஒரு வரி இருந்ததில்லை. இவ்வாராய்ச்சி அவ்வரியை எழுதிற்று.

இரண்டாம் வழி, பயணச் செலவைக் கொண்டு அறிதல். முட்டத்துப் பாறைகளையும் குமரிமுனையின் கதிரவன் தோற்றத்தையும் காண நெடுந்தொலைவிலிருந்து மக்கள் வருகின்றனர். காட்சிக்குக் கட்டணம் இல்லை. ஆயினும் வண்டிக்கூலி கொடுத்து, ஒருநாள் ஊதியத்தையும் விட்டுவந்த ஒருவர், அக்காட்சிக்கு அத்தொகையேனும் தகும் என்று தம் செயலாலேயே கூறிவிடுகின்றார். எவ்வளவு தொலைவிலிருந்து எத்தனை பேர் வருகின்றனர் என்று எண்ணினால், அவ்விடத்தின் மதிப்பு ஒருவாறு புலப்படும். ஆரால்டு ஓட்டலிங்கு என்னும் அமெரிக்க அறிஞர் 1947இல் எழுதிய ஒரு கடிதத்தில் இவ்வழியை முதன்முதல் எடுத்துரைத்தார்.

இவ்விரண்டு வழிகளும் பயன்கொள்வோரின் செயலைப் பார்த்து மதிப்பை அறிகின்றன. ஆனால், ஓர் இடத்தை ஒருபோதும் காணாதவர்க்கும் அதன்மேல் பற்று இருக்கலாம். மதுரையில் வாழும் ஒருவர் ஆமை முட்டையிடுவதைக் கண்டிரார்; காணும் எண்ணமும் அவர்க்கு இல்லாதிருக்கலாம். ஆயினும் அவ்வாமையினம் அழியாதிருத்தல் வேண்டும் என்று அவர் விரும்பலாம். தம் பேரப்பிள்ளைகள் அதனைக் காணல் வேண்டும் என்றும் அவர் கருதலாம். ஒரு பொருள் உளதாக இருத்தலே ஒருவர்க்கு மகிழ்ச்சி தருமாயின், அதனை இருத்தல் மதிப்பு என்பர். இக்கருத்தினைச் சான் குருட்டில்லா என்னும் பொருளியலார் 1967இல் விளக்கினார். இதனை எவர் செயலிலும் காண இயலாது. ஆகவே மூன்றாம் வழி வேண்டுவதாயிற்று. அது மக்களையே வினவி அறியும் வழியாகும்.

"இவ்வுயிர்ச்சூழலைக் காக்க நீவிர் எவ்வளவு கொடுக்க இசைவீர்?" என்று பல குடும்பத்தாரிடம் கேட்டு, அவர்கள் கூறும் தொகைகளின் சராசரியைக் கண்டு, அதனை எல்லாக் குடும்பங்களுக்கும் விரித்துக் கணக்கிடுதல் இம்முறை. 1947இல் தோன்றிய இக்கருத்தினை, இராபர்ட்டு தேவிசு என்பார் 1963இல் அமெரிக்க நாட்டின் மெயின் மாநிலத்துக் காடுகளில் முதன்முதல் செயற்படுத்தினார்.

நம் நாட்டில் இம்முறை மும்பை நகரின் போரிவலி தேசியப் பூங்காவிற்குப் பயன்படுத்தப்பட்டது. பெருநகரின் நடுவே 100 சதுரக் கிலோமீட்டருக்கு மேற்பட்ட பரப்பில் அக்காடு நிற்கின்றது. சஞ்சய் காந்தி தேசியப் பூங்கா என்பது அதன் இந்நாளைய பெயர். மும்பைக்கு நீர் வழங்கும் விகார், துளசி ஏரிகள் அதன் மடியில் உள்ளன. சிறுத்தைகள் அங்கு வாழ்கின்றன. மும்பையின் நிலத்துக்கோ பொன்னினும் மிக்க விலை. ஆகவே காட்டின் ஓரங்கள் சுருங்கலாயின. காட்டைக் காக்க மும்பைக் குடும்பங்கள் எவ்வளவு கொடுக்க இசையும் என்று ஆராய்ச்சியாளர் சிலர் வினவினர். குடும்பம் ஒன்று திங்கள்தோறும் சராசரியாக 7 ரூபாய் 50 காசு கொடுக்க இசைந்தது. அவர்களது ஆய்வு 1997இல் வெளியாயிற்று. ஏழரை ரூபாய் சிறு தொகையே. ஆனால், அதனை நகரின் குடும்பங்கள் அனைத்திற்கும் விரித்து, வருங்காலத் தொகைகளை இன்றைய மதிப்பிற்குக் குறைத்துக் கணக்கிட்டபோது அது ஏறத்தாழ 103 கோடி ரூபாயாயிற்று! வெறிதே நின்ற தட்டில் ஓர் எடைக்கல் விழுந்தது.

இம்முறையை உலகறியச் செய்தது ஒரு கப்பல் விபத்து. 1989ஆம் ஆண்டு மார்ச்சு 24ஆம் நாள், எக்சான் வால்தேசு என்னும் எண்ணெய்க் கப்பல் அலாசுக்காக் கடலில் பாறைமேல் மோதிற்று. 4 கோடி லிட்டருக்கு மேற்பட்ட எண்ணெய் கடலிற் கொட்டிற்று. கடற்பறவைகள் இலட்சக்கணக்கில் மடிந்தன. மீனவரின் இழப்பைக் கணக்கிடலாம்; மடிந்த பறவைக்கு இழப்பீடு யாரிடம், எவ்வளவு கேட்பது? அத்தகைய விபத்து மீண்டும் நேராமல் தடுக்க எவ்வளவு கொடுக்க இசைவீர் என்று அலாசுக்காவிற்கு வெளியே வாழும் அமெரிக்கக் குடும்பங்கள் ஆயிரத்தை வினவினர். இடைநிலைத் தொகை 31 டாலர் ஆயிற்று. நாடு முழுமைக்கும் அது 280 கோடி டாலர்! அக்கடலைக் கண்டறியாதவரே அதற்குப் பொருள் கொடுக்க இசைந்தனர் என்பது கருதத்தக்கது.

இவ்வெண்ணைக் கண்டு அறிஞருள் பெரும்பூசல் எழுந்தது. வாயாற் கூறும் தொகையைக் கையாற் கொடுப்பாரோ என்றனர் சிலர். மற்றும் சிலர் ஓர் ஆய்வையே சான்றாகக் காட்டினர். எண்ணெய்க் குட்டைகளில் வீழ்ந்து மடியும் 2,000 பறவைகளைக் காக்க எவ்வளவு கொடுப்பீர் என்று ஒரு சாராரிடம் கேட்டனர். சராசரி 80 டாலர் என விடை வந்தது. 20,000 பறவைகளுக்கு எவ்வளவு என்று மற்றொரு சாராரிடம் கேட்டனர். 78 டாலர் என்றனர். 2,00,000 பறவைகளுக்கு எவ்வளவு என்றபோது 88 டாலர் என்றனர். பறவைகள் நூறு மடங்கு பெருகியும் தொகை பெருகவில்லை. மக்கள் பறவைகளை எண்ணிப் பார்க்கவில்லை. இரக்கத்தினால் ஒரு தொகையைக் கூறிவிட்டனர் என்பது இதனால் விளங்கிற்று.

அமெரிக்க அரசு இவ்வழக்கினை ஆராயக் கென்னத்து ஆரோ, இராபர்ட்டு சோலோ ஆகியோர் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. இருவரும் பொருளியலில் நோபெல் பரிசு பெற்றவர்கள். 1993இல் அக்குழு தன் முடிவைக் கூறிற்று. இம்முறை முற்றும் பயனற்றதன்று. ஆயினும் மிகுந்த கவனத்தோடு கையாளப்படல் வேண்டும் என்பது அம்முடிவின் சாரம். மக்களை நேரிற் கண்டு வினவவேண்டும். எவ்வளவு தருவீர் என்று வாளா கேட்டலினும், இன்ன தொகை வரியாக விதிக்கப்படின் உடன்படுவீரா, மறுப்பீரா என்று வாக்கெடுப்புப் போலக் கேட்டல் நன்று. கொடுக்கும் தொகையால் வீட்டின் பிற செலவுகள் குறையும் என்பதை நினைவூட்டவேண்டும். ஐயம் நேரும் இடங்களில் குறைந்த தொகையையே கொள்ளவேண்டும். இத்தகைய நெறிகளை அக்குழு வகுத்தது.

இவ்வளவு செய்தும் ஒரு குறை எஞ்சி நிற்கின்றது. ஓர் ஆய்வாளர் கையில் ஏட்டுடன் மண்டைக்காட்டுக் கரைக்கு வருகின்றார் என்று கொள்க. வலை பழுது பார்க்கும் ஒரு மூதாட்டியிடம், "அம்மா, இக்கரையைக் காக்க எவ்வளவு கொடுக்க இசைவீர்கள்?" என்று அவர் கேட்கின்றார். மூதாட்டி தலை நிமிர்ந்து, "ஐயா, நாங்கள் பிறந்து வளர்ந்த முற்றம் இது. எங்கள் முற்றத்தைக் காக்க எங்களிடமே காசு கேட்பதா?" என்று வினவினால், ஆய்வாளர் என்ன விடை கூறுவார்?

அம்மூதாட்டியின் வினாவில் பொருளியலின் ஆழ்ந்த கருத்து ஒன்று அடங்கியுள்ளது. ஒன்றைப் பெறுவதற்குக் கொடுக்க இசையும் தொகை வேறு. உள்ளதை இழப்பதற்கு ஏற்க இசையும் தொகை வேறு. முன்னது ஒருவர் கையிருப்புக்கு அடங்கியது. பின்னதற்கு எல்லை இல்லை. எத்தொகைக்கும் இசையேன் என்றும் ஒருவர் கூறலாம். கரை யாருடைய உரிமை என்பதை முடிவு செய்யாமல், எவ்வினாவைக் கேட்பது என்பதை முடிவு செய்தல் இயலாது. மேலும், செல்வர் ஒருவர் 500 ரூபாய் என்று எளிதாகக் கூறலாம். நாட்கூலி பெறுபவர் 5 ரூபாய் கூறவும் அஞ்சலாம். அதனால் கரையின்மேல் செல்வர்க்கே பற்று மிகுதி என்று கொள்ளலாகாது. கூறப்பட்ட எண், பற்றின் அளவோடு பையின் அளவையும் காட்டுகின்றது. இதனை உணர்ந்த ஆய்வாளர் சிலர், ஏழைக் குடும்பங்களிடம் பணத்திற்கு மாற்றாக எத்தனை நாள் உழைப்பு நல்குவீர் என்று கேட்கின்றனர். பிதர்கனிகாச் சிற்றூர் மக்கள், அலையாத்தி மரங்களை மீண்டும் வளர்க்கும் பணியில் வனத்துறையோடு ஒத்துழைக்க இசைந்தனர் என்பது ஈண்டு நினைவுகூரத்தக்கது.

குறைகள் பலவாயினும், எண் ஒன்றும் இல்லாதிருத்தலினும் குறையுள்ள எண் இருத்தல் நன்று என்று நம் நாட்டின் உயர்நீதி மன்றங்களுக்கெல்லாம் மேலான உச்ச நீதிமன்றமும் கருதிற்று. காட்டு நிலத்தைப் பிற பணிகளுக்கு எடுப்போர், அக்காட்டின் நிகர மதிப்பைச் செலுத்தல் வேண்டும் என்று அம்மன்றம் விதித்தது. 2008ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில், காட்டின் தன்மைக்கும் அடர்த்திக்கும் ஏற்ப ஓர் எக்டருக்கு 4 இலட்சத்து 38 ஆயிரம் முதல் 10 இலட்சத்து 43 ஆயிரம் ரூபாய் வரை அத்தொகையை வரையறுத்தது. முன்னர்ச் சுழியமாக இருந்த இடத்தில் இவ்வாறு ஓர் எண் ஏறிற்று. எனினும் தொகையைச் செலுத்திவிட்டால் காட்டை அழிக்க உரிமை கிடைத்துவிடும் என்று எண்ணுதல் பெரும்பிழை. முதிர்ந்த காட்டைப் பொருள் கொடுத்து ஒருநாளில் மீண்டும் பெறுதல் இயலாது. மனித உயிர்க்கு ஈட்டுறுதி உண்டு. அதனால் உயிர் விலைக்கு வந்ததென எவரும் கருதுவதில்லை.

குமரி மாவட்டம் சிறியது. ஆனால், மலையும், காடும், வயலும், குளமும், கடலும் அதில் நெருங்கி அமைந்துள்ளன. அதன் சுசீந்திரம் தேரூர்க் குளங்களும் வேம்பனூர்க் குளமும் 2022இல் உலகச் சிறப்புடைய ஈரநிலங்களாக இராம்சார் பட்டியலில் சேர்க்கப்பட்டன. மணக்குடிக் கழிமுகத்தில் அலையாத்தி மரங்கள் நிற்கின்றன. இவை ஒவ்வொன்றின் முன்னும் என்றேனும் ஒருநாள் துலாக்கோல் தூக்கப்படும். அன்று ஒரு தட்டு வெறிதே நிற்றல் ஆகாது. இளமையிலேயே தம் ஊரின் குளத்தையும் கரையையும் நன்கு அறிந்து, அவை செய்யும் தொண்டுகளை எண்ணவும் எடுத்துரைக்கவும் பழகியவரே அத்தட்டை நிரப்ப வல்லவர்.

மண்டைக்காட்டு மாசிக் கொடையின்போது, இருமுடி சுமந்து வந்த பெண் ஒருத்தி முந்தானையில் முடிந்த காசை அவிழ்த்து உண்டியலில் இடுகின்றாள். அக்காசு அம்மனின் விலையன்று என்பதை அவள் நன்கு அறிவாள். தன் பற்றினைத் தன்னால் இயன்ற அளவிற் காட்டுகின்றாள், அவ்வளவே. உயிர்ச்சூழலைக் காக்க மக்கள் கொடுக்க இசையும் தொகையும் அத்தகையதே. அதனை இயற்கையின் விலை என்று கொள்வோர் அதன் பொருளை அறியாதவர். மக்கள் உள்ளத்தின் காணிக்கை என்று கொள்வோரே அதனை அறிந்தவர்.

வினாக்கள்

1. மண்டைக்காட்டுக் கருமணலின் பயன் வெளிநாட்டார்க்குத் தெரியவந்தது எங்ஙனம்?
2. உயிர்ச்சூழலின் மதிப்பை அறியப் பொருளியலார் கண்ட மூன்று வழிகளைத் தக்க சான்றுகளுடன் விளக்குக.
3. "எங்கள் முற்றத்தைக் காக்க எங்களிடமே காசு கேட்பதா?" – இவ்வினாவில் அடங்கிய கருத்து யாது?
4. உம் ஊரிலுள்ள குளம், ஆறு, கரை, தோப்பு ஆகியவற்றுள் ஒன்றைத் தேர்ந்து, அது கூலியின்றிச் செய்யும் தொண்டுகளைத் தொகுத்து எழுதுக.